மாஹாங்கிலிருந்து வந்த பலகை வீடு

"அப்பா, அந்த வீட்டை நீங்க ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும்" என்று மகள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பிளான் வரைகிற வேலையில் இருப்பவள். நான் செந்தூலில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். கிச்சன் கேபினெட், அலமாரி, சாமி மேடை, கதவு நிலை என்று 30 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேலை வேலை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன், போன மாதம் ஒரு சனிக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பார்த்துவிட்டு வந்த இரண்டு நாள் பட்டறையில் எனக்குக் கை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு, கெடாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இப்படி ஒரு பழைய மலாய்ப் பலகை வீடு ஊருக்கு நடுவில் நிற்பதே தெரியாது.

இடம் ஜாலான் ஸ்டோனர், எண் 2. பாடான் வாரிசான் மலேசியா என்கிற அமைப்பின் வளாகம். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதற்காக 1983-இல் தொடங்கியது. அதன் அலுவலகமே 1925-இல் கட்டிய பங்களா. அந்தப் பங்களாவின் வளாகத்திலேயே ஒரு கம்பத்து வீடு, அதாவது மலாய்க் கிராமத்து வீடு, நிற்கிறது, பெங்குலு அபு செமான் வீடு. சுற்றிலும் ஹோட்டல், கொண்டோ, அண்ணாந்தால் இரட்டைக் கோபுரம். அதற்கு நடுவில் காலூன்றி நிற்கும் கறுத்த மரவீடு.

காரில் போக வேண்டாம். அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும். நாங்கள் செந்தூல் பாராட் எம்.ஆர்.டி.யில் ஏறி, வண்டி மாறாமல் கொன்லே நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து நடை தூரம்தான். 2023-இல் அந்தப் பாதை முழுதாகத் திறந்த பிறகு செந்தூல்காரர்களுக்கு இது ரொம்ப லேசாகிவிட்டது. போகுமுன் போன் போட்டு, அன்றைக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவார்களா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டுகிற வீடு இது. வழிகாட்டியோடு பார்த்தால்தான் வந்ததற்குப் பலன்.

இந்த வீடு பிறந்த ஊர் கெடா மாநிலம், மாஹாங், கம்போங் சுங்கை கெச்சில். கூலிம் மாவட்டம். இதை மகள் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வழிகாட்டியாக வந்த மலாய்ப் பிள்ளை "மாஹாங், கூலிம்" என்று சொன்னதும் நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள். நான் பிறந்தது கூலிம். அப்பா பக்கத்துத் தோட்டங்களில் ஆசாரி வேலை பார்த்தவர். லயத்து வீட்டுக் கதவு, ஆயா கொட்டகைத் தொட்டில், கோயில் சப்பரத்துக்குச் சக்கரம், எல்லாம் அவர் கைதான். மாஹாங் பக்கம் வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளின் முன்னால், எண்ணெய்த் தொட்டி மேல் என்னை உட்கார வைத்துக்கொண்டு போவார். அந்த வழியில் பார்த்த வீடுகளில் ஒன்றாகக்கூட இது இருந்திருக்கலாம்.

பெங்குலு என்றால் முக்கிமின், அதாவது மாவட்டத்துக்குள் இருக்கும் சிறு வட்டாரத்தின், தலைவர். நம் பக்கத்து வழக்கில் ஊர்ப் பெரியதனக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். நிலத் தகராறு, வரி, கல்யாணம், வழக்கு, எல்லாம் அவர் வாசலுக்கு வரும். அபு செமான் பின் நாயான் என்ற பெங்குலு இந்த வீட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. 1910-க்கும் 1930-களின் தொடக்கத்துக்கும் நடுவில் பகுதி பகுதியாகக் கட்டினார். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒரு பகுதி, குடும்பம் பெருகினதும் இன்னொரு பகுதி. பிறகு காலம் மாறி, வீடு கவனிப்பாரில்லாமல் சிதையத் தொடங்கியது. பாடான் வாரிசான் அதை வாங்கி, பிரித்து, 1996-இல் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. முதலில் இந்தக் கதையை ஒரு சிறு படமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். பேரன் படத்தில் நிலைகொள்ளாமல் இருந்தான். நான் கண்ணை எடுக்கவில்லை.

படம் முடிந்ததும் எல்லாரும் படியேறப் போனார்கள். நான் மட்டும் குனிந்து வீட்டுக்கு அடியில் போனேன். தச்சன் மர வீட்டைப் பார்க்க வேண்டியது கீழேயிருந்துதான். தூண்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு திண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தூணைப் புதைத்தால் ஈரம் ஏறும், கரையான் ஏறும், பத்து வருஷத்தில் அடி மக்கிவிடும். திண்டின் மேல் வைத்தால் வீட்டின் பாரமே தூணைப் பிடித்துக்கொள்ளும். கரையான் மண்வழி போட்டு ஏறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், தட்டிவிடலாம். வெள்ளம் வந்தால் தண்ணீர் அடியில் ஓடிப்போகும். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடிந்ததற்கும் இதுவே காரணம். மண்ணில் வேர் விடாத வீடு. கம்பங்களில் ஐம்பது அறுபது பேர் கூடி மூங்கில் கட்டி வீட்டை அப்படியே தோளில் தூக்கி வேறு இடத்தில் வைப்பது ஒரு காலத்தில் சாதாரண விஷயம். கோத்தோங் ரோயோங், ஊர் கூடி வேலை செய்வது, வெறும் பேச்சாக இல்லாத காலம்.

மேலே போனதும் பலகைத் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே பன்னிரண்டு மணி வெயில். உள்ளே காற்றாடி இல்லாமலே நிற்க முடிந்தது. ஜன்னல்கள் நெடுக இறங்குகின்றன, தரையில் பாய் போட்டு உட்கார்ந்தவர் முகத்துக்கே காற்று வரும்படி. சுவருக்கு மேலே கீறி எடுத்த பூவேலைப் பலகைகள். அழகுக்கு என்று பார்ப்பவர் நினைப்பார். சூடேறிய காற்று அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பூவையும் கொடியையும் ஓட்டையாக்கத் தெரிந்தவன் கலைஞன். எங்கே ஓட்டை வேண்டும் என்று தெரிந்தவன் தச்சன். இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஒரு தூணும் குறுக்குச் சட்டமும் சேருகிற மூலையில் ரொம்ப நேரம் நின்றேன். தூணில் பொளி, உளியால் வெட்டிய துளை. சட்டத்தின் நுனி கழுந்தாக இளைத்து அந்தப் பொளிக்குள் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. அந்த இடைவெளியில் அடித்து இறக்கிய ஒரு மர ஆப்பு. அவ்வளவுதான். மழைக்காலத்தில் மரம் ஊதினால் பிடி இறுகும். வெயில் காலத்தில் சுருங்கினால் ஆப்பை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இரும்பாணி அடித்திருந்தால் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் தின்றிருக்கும். பிரிக்கும்போது பலகை பிளந்திருக்கும். ஆப்பு போட்ட பொருத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆப்பை எதிர்ப்பக்கமிருந்து தட்டி எடுக்க வேண்டியதுதான். கட்டியவன் பிரிப்பதற்கும் வழி வைத்தே கட்டியிருக்கிறான்.

இந்தப் பொருத்துக்கு மலாயில் 'தங்கம்' என்று பெயர். நம் எழுத்தில் எழுதினாலும் நம் காதில் விழுந்தாலும் தங்கம்தான். எங்கள் அப்பா சீனத் தச்சர்களோடும் மலாய்த் தச்சர்களோடும் வேலை செய்தவர். "தங்கம் போடு, ஆணி போடாதே" என்று என்னிடம் சொல்வார். நான் சிறுவயதில் நகைத் தங்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப்புக்குப் 'பாசாக்' என்பார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரிந்த பையன்கள் இன்றைக்கு என் பட்டறையில் ஒருவர்கூட இல்லை. நான் செய்கிற கேபினெட்டே சிப்போர்டும் பிளைவுட்டும்தான். திருகாணி, பசை, மெலமின் ஒட்டு. குழாயில் கசிவு வந்தால் சிப்போர்டு ரொட்டி மாதிரி ஊதிவிடும். பத்து வருஷம் தாங்கினால் வாடிக்கையாளர் மனம் நிறைந்து போகிறார். அந்த மூலையில் நின்றபோது இதெல்லாம் மனதில் ஓடியது.

கையால் தடவினேன். வழிகாட்டிப் பிள்ளை பார்த்துவிட்டு, "அங்கிள் தச்சரா?" என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவள் மற்றவர்களுக்குச் சொன்னது ஒன்று, எனக்குச் சொன்னது வேறு. பொறுமையான பிள்ளை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். நான் கைமரம், விட்டம் என்று தமிழில் சொன்னதை மகள் மலாயில் மாற்றிச் சொல்ல, அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நடுக்கட்டுக்கு 'ரூமா இபு' என்று பெயர். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் தாய்வீடு. வீட்டின் மற்ற பகுதியெல்லாம் இதைச் சுற்றிப் பிறந்தவை. முதலில் நடுகிற தூணுக்குத் 'தியாங் ஸ்ரீ' என்பார்கள். நம் ஸ்ரீதான், திருத்தூண். அந்தத் தூணை நிறுத்தும்போது தலையில் சிவப்பு, வெள்ளை, கறுப்புத் துணி வைப்பது மலாய்த் தச்சர்களின் வழக்கம். நாமும் நிலை வைக்கும்போது மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து கட்டுகிறோம். அளவு எடுப்பது இன்னும் நெருக்கமான விஷயம். பழைய மலாய் வீட்டுக்கு அளவுகோல் வீட்டுக்காரியின் உடம்பு. அந்தம்மா இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு 'டெப்பா'. அதைக் கயிற்றில் எடுத்து, முழமாக மடித்து, மீதி எத்தனை வருகிறது என்று பார்த்து நல்லது கெட்டது கணிப்பார்கள். நம் மனையடி சாஸ்திரம் மாதிரியே. எங்கள் அப்பா 9 அடியில் அறை போடச் சொன்னால் போடமாட்டார். 8-ஆக்குவார் அல்லது 10-ஆக்குவார். வீட்டில் வாழப்போகிற பெண்ணின் கையை வைத்து வீட்டையே அளப்பது எனக்குத் தெரியாத சங்கதி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கையை விரித்துக் காட்டினாள். 5 அடி 1 அங்குலம்.

திரும்பி வரும்போது மகளுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். அவள் படித்தவள், கேள்வியோடு பார்ப்பவள். "அப்பா, வீடு பிறந்த இடத்தை விட்டுப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடாதா? 1964-இல் வெனிஸ் நகரத்தில் எழுதிய சாசனத்தில், கட்டடத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று இருக்கிறதே" என்றாள். அதே சாசனத்தில், காப்பாற்ற வேறு வழியே இல்லையென்றால் நகர்த்தலாம் என்றும் இருப்பதாக அவளே சொன்னாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த வீட்டைச் சுற்றி மாஹாங்கின் ரம்புத்தான் மரம் இல்லை, கிணற்றடி இல்லை, வழக்குக்கு வந்து வாசலில் காத்திருக்கும் ஆள் இல்லை. ஆனால் கல்வீட்டுக்குச் சொன்ன சட்டத்தை இந்த நாட்டு மரவீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இது பிரித்துக் கட்டவே பிறந்த வீடு. தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் இஸ்தானா சத்து 1884-இல் கோலத் திரெங்கானுவில் கட்டிய அரண்மனை. 1974-இல்தான் கோலாலம்பூருக்கு வந்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்து ஸ்ரீ மெனாந்தியில் 1908-இல் முடிந்த பழைய அரண்மனை 99 தூணில் ஆணியில்லாமல் நிற்கிறது. நினைத்தால் அதையும் கழற்றிப் பூட்டலாம். கெடாவில் கழற்றின வீட்டை ஜாலான் ஸ்டோனரில் பூட்ட முடிந்திருக்கிறது என்றால், அந்தத் தச்சன் வேலையில் பிழை இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும்?

பிரித்துக் கட்டுவது என்றால் வெறும் சுமை தூக்குகிற வேலை என்று நினைக்கக் கூடாது. முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து படம் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் எண். எந்தத் தூணின் எந்த முகம் கிழக்கே பார்த்தது என்பது வரை. அதன் பிறகு கூரையிலிருந்து கீழே, கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். மக்கின துண்டை மட்டும் வெட்டி, அதே மரத்தில், அதே நார் ஓட்டத்தில் புதுத்துண்டு சேர்க்க வேண்டும். நான் அந்தத் தூண்களிலும் சட்டங்களிலும் எண் தேடினேன். கைப்பேசி வெளிச்சம் அடித்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை. படக் கூடாது. நல்ல தச்சன் எண்ணை வெளியே தெரிகிற இடத்தில் போடமாட்டான். கழுந்தின் பக்கத்தில் போடுவான். பூட்டியதும் அது பொளிக்குள் மறைந்துவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா ஒரு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்தபோது நான் கூட இருந்தேன். 1967. எனக்கு ஐந்து வயது. கம்பத்தில் ஒருவர் பழைய பலகை வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா சீட்டுப் பணம் எடுத்து 900 வெள்ளிக்கு வாங்கினார். தோட்டத்து லாரியில் மூன்று நடை. கூலிம் டவுன் ஓரத்தில் ஒரு துண்டு இடத்தில் மறுபடி நிறுத்தினார். ஒவ்வொரு கழுந்திலும் உளியால் கோடு வெட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று கோடு. ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. கொட்டாப்புளியை, மரச் சுத்தியலை, எடுத்துக் கொடுப்பது என் வேலை. தூண்கள் செங்கால் மரம். பச்சையாக ஆற்றில் போட்டால் மூழ்கும் மரம் அது. கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். அப்பாவும் மாமாவும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு தூணை நிமிர்த்தியபோது எல்லாரும் "வேல் வேல்" என்று சத்தம் போட்டது இன்னும் காதில் இருக்கிறது. மலாய்க்காரர் கட்டிய வீட்டில் நாங்கள் நிலை வைத்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டிக் குடிபோனோம்.

அப்பா 1997-இல் காலமானார். அம்மா எங்களோடு கோலாலம்பூர் வந்துவிட்டார். பூட்டிக் கிடந்த வீட்டில் கூரைத் தகரம் ஒன்று பறந்து, மழை உள்ளே இறங்கியது. இடத்துச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். 1999-இல் பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்து 1,800 வெள்ளி கொடுத்தார். அண்ணன், அக்கா, நான் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். ஒரு படம் எடுக்கவில்லை. ஒரு அளவு எடுக்கவில்லை. நான் தச்சன். என் பையில் எப்போதும் டேப் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. வியாபாரியின் ஆட்கள் கடப்பாரையால் நெம்பித்தான் பிரித்தார்கள். ஆப்பைத் தட்டினால் வந்துவிடும் என்று சொன்னேன். நேரமில்லை என்றார்கள். பொளி பிளந்த சத்தம் கேட்டு அக்கா அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தி, காலம் மாறிவிட்டது, பலகை வீட்டை வைத்து என்ன செய்வது என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு. பெங்குலு வீட்டின் அந்த மூலையில் நின்றபோது எனக்கு அது விளங்கியது.

எங்கள் வீட்டுக்கும் பெங்குலு வீட்டுக்கும் மரத்தில் வித்தியாசம் இருந்திருக்கலாம், பூவேலையில் கட்டாயம் வித்தியாசம் இருந்தது. பொருத்து ஒன்றுதான், புத்தி ஒன்றுதான். ஒன்றை அளந்தார்கள், எண் போட்டார்கள், வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றை நாங்கள் விற்றோம். பழைய வீட்டின் மதிப்பு வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. யாராவது ஒருவர் அதை உட்கார்ந்து அளந்தால்தான் அது கைக்கு வருகிறது. மகள் சொன்னாள், 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தில் ஒரு கட்டடத்தை மரபுடைமையாக அறிவிக்க என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு பட்டியலே இருக்கிறதாம். வரலாறு, அழகு, அபூர்வம், அதோடு சமூகத் தொடர்பும், பண்பாட்டுத் தொடர்பும். அதற்கு முன்னிருந்த 1976-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 வயது ஆன கட்டடத்தைத்தான் முதலில் பார்த்தது. தோட்டத்து ஆசாரி கூலிம் ஓரத்தில் நிறுத்திய வீட்டுக்கும் அந்தப் பட்டியலில் இடமிருந்திருக்கும். சொல்ல ஆள் இல்லை, காட்டப் படம் இல்லை.

பினாங்கு கெலுகோரில் கம்போங் புவா பாலாவை நினைத்துக்கொள்கிறேன். மாடு வளர்த்து, பால் கறந்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்த கம்பம். பலகை வீடு, தகரக் கூரை, பக்கத்திலேயே தொழுவம். 2009-இல் அது இடிக்கப்பட்டது. அதன் செய்திப் படங்கள் கிடைக்கின்றன. சண்டையும் அழுகையும் இருக்கும் படங்கள். தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் எத்தனை அடி, திண்ணை எந்தப் பக்கம் பார்த்தது, சாமி அறை எங்கே இருந்தது என்று காட்டும் வரைபடம் ஒன்று எனக்குக் கிடைத்தால் நான் அதைப் பட்டறைச் சுவரில் மாட்டுவேன். யூ.டி.எம். என்கிற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் 1970-களிலிருந்து பழைய வீடுகளை அளந்து வரைந்து வைக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அந்தப் படிப்புப் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், தாத்தா பாட்டி இருந்த பலகை வீடோ, மிச்சமிருக்கும் தோட்டத்து லயமோ, ஒன்றை எடுத்து அளந்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை போதும். இரண்டு பேரும் ஒரு டேப்பும் போதும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். படியேற வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். என் மனைவி அதனால்தான் வரவில்லை. நான் போனபோது ஆளுக்குப் பத்து வெள்ளி. ஒரு தட்டு நாசி கண்டாரின் விலை. விளக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொஞ்சம் கதை சொல்லிக் கூட்டிப்போனால் நல்லது. பேரன் படத்தின்போது சலித்தான். தரைப் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்துக் கீழே வெளிச்சம் தெரிகிறது என்று கண்டுபிடித்த பிறகு அவனைக் கிளப்புவது பெரிய பாடாகிவிட்டது. மழை பெய்யும் மதியத்தில் போக முடிந்தால் போங்கள். நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒரு தூறல் போட்டது. சத்தம் மேலிருந்து வந்தது, மணம் கீழேயிருந்து வந்தது. மரவீட்டில் பிறந்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

இன்னும் நேரம் இருந்தால் அப்படியே தேசிய அருங்காட்சியகம் போய் இஸ்தானா சத்துவையும் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அது பக்கத்து வாசல். திரெங்கானு வேலையும் கெடா வேலையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று ஒரே நாளில் பார்த்தால் கண் தெளியும். எனக்குப் பெங்குலு வீடே பிடித்தது. அரண்மனை கட்ட ராஜா பணம் கொடுப்பார். பகுதி பகுதியாக, கை நிமிர நிமிர, இருபது வருஷம் கட்டின வீட்டில் ஒரு குடும்பத்தின் கணக்கு தெரிகிறது. இங்கே சேர்த்தது, அங்கே நீட்டியது, இந்த இடத்தில் தரை ஒரு படி இறங்குவது, எல்லாம் யாரோ ஒருவர் இரவில் உட்கார்ந்து யோசித்த யோசனை.

அன்றிரவு கூலிமில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். நம் வீட்டுக்கு எத்தனை தூண் என்று கேட்டேன். "பன்னெண்டுடா தம்பி" என்றாள். எனக்கு ஒன்பதுதான் ஞாபகம். அடுப்படிப் பக்கம் மூன்று என்று அவள், இல்லை அது பிறகு போட்ட தாழ்வாரம் என்று நான். கோழிக் கூடு எந்தத் தூணில் கட்டியிருந்தது என்று யோசித்ததில் அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. ஜன்னல் ஏழு என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தாள். நிலையின் மேல்சட்டம் ஒன்றை மட்டும் அன்றைக்கு வியாபாரியிடம் கொடுக்காமல் நான் எடுத்து வந்திருந்தேன். பட்டறையில் மரக்கட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததைத் துடைத்து அளந்தேன். 3 அடி 4 அங்குலம். மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது. கழுந்தின் பக்கத்தில் அப்பாவின் உளி வெட்டிய நான்கு கோடு.

கூலிமில் எங்கள் வீடு நின்ற இடத்தில் இதுவரை யாரும் எதுவும் கட்டவில்லையாம். தூண் நின்ற சிமெண்டுத் திண்டுகள் புல்லுக்குள் அப்படியே கிடக்கின்றன என்று அக்கா சொல்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகனைக் கூட்டிக்கொண்டு போய், திண்டுக்குத் திண்டு எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து எழுதி அனுப்பப்போகிறாள்.